கணிதப் பாலத்தை நியூட்டன் கட்டவில்லை
இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் குயின்ஸ் கல்லூரியில் ‘கணிதப் பாலம்’ என்று அழைக்கப்படும் மரப்பாலத்தை ஐசக் நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார், பின்னாளில் மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் போல்ட் போட்டார்கள் என்று ஒருவர் தம் பதிவில் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. நியூட்டன் இறந்தது 1727இல். பாலம் எழுந்தது 1749இல். அவர் படித்ததும் டிரினிட்டி கல்லூரியில்தான்.

வடிவமைத்தவர் வில்லியம் எதரிட்ஜ் என்ற தச்சர். கட்டியவர் ஜேம்ஸ் எசெக்ஸ். பெருமை இவர்களுக்குத்தான் போக வேண்டும். பாலத்தை உற்றுப் பாருங்கள்: வளைந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நேரான கட்டைகள். வில்வளைவைத் தொட்டுச் செல்லும் தொடுகோடுகளாக அவற்றை அடுக்கி, குறுக்கே ஆரக்கால் போன்ற கட்டைகளால் பிணைத்திருக்கிறார்கள். கணிதம் இருப்பது அங்கே. ஒரு தச்சரின் தலையில் இப்படி ஒரு யோசனை உதித்தது எனக்கு நியூட்டன் கதையைவிடப் பெரிய வியப்பு.

அப்புறம் அந்த ஆணி விஷயம். முதல் பாலத்திலேயே மூட்டுகளில் இரும்புத் திருகுகள் இருந்தன. வெளிப்பக்கமிருந்து முடுக்கியதால் நடப்பவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இப்போது கண்ணுக்குத் தெரியும் போல்ட்டுகள் 1905இல் பாலத்தைப் புதிதாகக் கட்டியபோது வந்தவை. ஓக் மரத்துக்குப் பதிலாகத் தேக்கு போட்டதும் அப்போதுதான். அதற்கு முன் 1866இலும் ஒருமுறை புதுப்பித்தார்கள். எதரிட்ஜின் வடிவம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

அந்தப் பதிவைத் திருத்தும்போது எதரிட்ஜ், எசெக்ஸ் இருவர் பெயரையும் தயவுசெய்து சேருங்கள்.