ஓடிபி என் கைபேசிக்கு மட்டும் வந்த காலம்

2022 பங்குனியில், பிசானம் என்று நாங்கள் சொல்லும் இரண்டாம் போக நெல்லின் அறுவடை முடியும் தறுவாயில், கல்லிடைக்குறிச்சியில் இருந்த என் தந்தைக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டு, பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். 11 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கைபேசியை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் எங்கள் சிறு நிறுவனத்துக்கு அப்போது மூன்று வயது. நான் உட்பட ஏழு பேர். அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாளைக்கூட முழு விடுப்பாக நான் எடுத்ததில்லை. அதைக் கடமை என்றே நம்பியிருந்தேன்.

திரும்பி வந்தபோது இரண்டு செய்திகள் காத்திருந்தன. முதலாவது, சர்வர் வாடகை கட்டத் தவறியதால் எங்கள் மென்பொருள் அரை நாள் திறக்கவில்லை. ஆலை வாசல்களில் நெல் வண்டிகள் வரிசையாக நிற்கும் நேரம் அது. வங்கிக் கணக்கில் பணம் இருந்தது, கட்டத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். ஆனால் ஓடிபி என் கைபேசிக்கு மட்டுமே வரும்படி நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்று அதுவரை எண்ணியிருந்தேனே, அந்த நிலைமையை உண்டாக்கியவனே நான்தான் என்பது அன்றைக்குப் புரிந்தது.

இரண்டாவது செய்திதான் என்னை அதிகம் உலுக்கியது. எனக்கு வந்த அழைப்புகளை எனக்குப் பதிலாக எடுத்துப் பேசிய இளம் பெண் பணியாளரிடம், ஆலங்குளம் பக்கத்து ஆலை ஒன்றின் கணக்கப்பிள்ளை மனம் திறந்து பேசியிருக்கிறார். நெல்லின் ஈரத்துக்காக எடையில் பிடிக்கும் கழிவு வண்டிக்கு வண்டி மாறும். எங்கள் மென்பொருளிலோ அதற்கு ஒரே விகிதம்தான். ஆகவே அவர் பகலெல்லாம் நோட்டில் எழுதி, இரவில் எடையைத் திருத்தித் திருத்தி கணினியில் ஏற்றி வந்திருக்கிறார், மூன்று ஆண்டுகளாக. ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “ஒங்க சாருகிட்ட எப்படிம்மா சொல்ல? அவுக ஆசையாச் செஞ்சிருக்காவல்லா” என்றாராம். நான் மாதம் தவறாமல் அவரை நேரில் பார்த்து வந்தவன். நான் எதிரே இருந்ததே அவர் வாயை அடைத்திருக்கிறது.

தொழில் தொடங்கியவர்கள் விடுப்பு எடுக்க வேண்டும் என்று நான் வாதிடுவது அன்றிலிருந்துதான். உடலுக்கு நல்லது என்பதும் உண்மையே. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல். ஆனால் உடலைக் காட்டிப் பேசினால் நிறுவனர்கள் கேட்பதில்லை. உடலைப் பணயம் வைக்கத் துணிந்துதானே அவர்கள் இதில் இறங்கியிருக்கிறார்கள். ஆகவே நிறுவனத்தைக் காட்டியே பேசுகிறேன்: நீங்கள் விலகி நிற்கும் நாட்களில்தான் அது எங்கே நொண்டுகிறது என்பது தெரியும், உங்கள் முகத்துக்கு எதிரே சொல்லப்படாதவை வெளியே வரும்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பலர் கைதட்டினார்கள். அவருடைய நாட்டுப்பற்றை நான் சந்தேகிக்கவில்லை. கணக்கைத்தான் ஏற்க முடியவில்லை. முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டன் வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் பதிவேடுகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்கவெல், 70 மணி நேர வாரத்தில் கிடைத்த உற்பத்தி 56 மணி நேர வாரத்து உற்பத்தியிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்றும், வாரத்தில் ஓய்வு நாள் இல்லாதபோது உற்பத்தியே கெடுகிறது என்றும் 2014இல் எழுதினார். எண்ணிப் பார்க்கக்கூடிய குண்டுகளைச் செய்தவர்களுக்கே இப்படி என்றால், நாள் முழுவதும் முடிவெடுப்பதையே வேலையாகக் கொண்டவர்களின் நிலை என்ன?

கொரோனா காலத்தில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பி, நெல்லையிலும் தென்காசியிலும் தொழில் தொடங்கிய நண்பர்கள் பலர் அந்த நகரங்களின் இரவு வேலையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். தாமிரபரணிக் கரையின் குறுக்குத்துறைக்கு பைக்கில் பத்து நிமிடத் தொலைவில் இருந்துகொண்டு, ஆறு மாதமாக ஆற்றில் கால் நனைக்காதவர்களை எனக்குத் தெரியும். சென்ற சீசனில் குற்றாலம் ஐந்தருவியில் ஒரு தம்பியைப் பார்த்தேன். கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய கைபேசியைச் சாரலிலிருந்து கையால் மறைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் ஒருவருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய குழந்தை துண்டோடு காத்து நின்றது. அதை விடுப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

மாதக் கடைசியில் சம்பளத்துக்கே புரட்ட வேண்டியிருக்கும்போது விடுப்பு எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதான். பெண் நிறுவனர்களின் நிலை இன்னும் கடினம். அலுவலகத்திலிருந்து கிடைக்கும் விடுப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் அடுக்களைக்குப் போகும் மாற்றலாகவே முடிகிறது. வீட்டிலிருப்பவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளாதவரை அவர்களிடம் போய் விடுப்பின் அருமையைப் பேச நமக்குத் தகுதி இல்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒழியும்போது எடுக்கலாம் என்றால் ஒருநாளும் ஒழியாது. பிசானம் அறுத்த வயலில், ஜூனில் பாபநாசம் அணை திறப்பதற்குள் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட என் தந்தை முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார். அதை வயலுக்கு ஓய்வு என்று அவர் சொன்னதே இல்லை. அடுத்த போகமான கார் சாகுபடியின் முதல் வேலை என்றுதான் சொல்வார்.

அப்படித்தான் இப்போது நானும் நாள் குறிக்கிறேன். வங்கிக் கணக்கை இயக்கும் உரிமை இருவரிடம் இருக்கிறது. ஓடிபி அலுவலகக் கைபேசிக்கு வருகிறது. ஈரக் கழிவை வண்டிவாரியாகப் பதியும் வசதியை அந்தப் பெண்ணே முன்னின்று செய்து முடித்தார். ஆலைகளுக்கு மாதந்தோறும் போய்வருவதும் இப்போது அவர்தான். வரும் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஒட்டி ஆறு நாட்கள் கல்லிடைக்குறிச்சியில் தந்தையோடு இருக்கப் போகிறேன். சம்பளப் பட்டுவாடா அந்த ஆறு நாட்களுக்குள் வருகிறது. நான் இல்லாமல் அது நடப்பது இதுதான் முதல் முறை. தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.