பெற்றோர் கையொப்பம்

(தங்கச்சிமடம். சமுதாயக் கூடத்துத் திண்ணையில் ஒரு மேசை. கச்சான் காற்றில் பறக்காமலிருக்க விண்ணப்பங்களின் மேல் ஒரு சங்கு. பரதநாட்டிய வகுப்புக்குப் பேர் எழுதுகிற மல்லிகா. எதிரே விசைப்படகுத் தொழிலாளி அந்தோணி, கையில் மஞ்சப்பை. செவ்வாய்க்கிழமை, படகு கடலுக்குப் போகாத நாள்.)

அந்தோணி: அக்கா, டான்ஸ் கிளாஸ் இங்கதானே?

மல்லிகா: எங்கிருந்து வர்றீக?

அந்தோணி: அக்காமடம்.

மல்லிகா: அக்காவை அங்கிட்டே இறக்கி விட்டுட்டு வாங்கண்ணே. இது தங்கச்சிமடம்.

அந்தோணி: சரி தங்கச்சி. நம்ம வீட்டுப் பிள்ளையைச் சேர்க்கணும்.

மல்லிகா: சேர்த்துருவோம். பிள்ளைக்குப் பால்பல் விழுந்து முளைச்சிருச்சா?

அந்தோணி: அதெல்லாம் எப்பவோ முளைச்சாச்சு. போன மாசம் கடவாய்ப்பல் ஒண்ணைப் பிடுங்குனோம்.

மல்லிகா: அதுக்குள்ள சொத்தையா! மிட்டாய் ரொம்பத் திங்குமோ?

அந்தோணி: வெத்தலை.

(மல்லிகா பேனாவை மூடி வைக்கிறாள்.)

மல்லிகா: பிள்ளைக்கு வயசு என்னண்ணே?

அந்தோணி: 36. பார்த்தா 35தான் மதிக்கலாம்.

மல்லிகா: வீட்டுப் பிள்ளைன்னீக!

அந்தோணி: எங்க வீட்டுக்கு வந்த பிள்ளைதானே? பொண்டாட்டிக்கு டான்ஸ்னு ரோட்டுல நின்னு எப்படித் தங்கச்சி சொல்றது? வலைக்கார பயலுக காதுல விழுந்தா தொலைஞ்சேன்.

மல்லிகா: பேரு?

அந்தோணி: ஜெயராணி.

மல்லிகா: இந்தா இந்த வாசல்ல கருவாடு விக்கிறாகளே, அந்த ஜெயராணியா?

அந்தோணி: அவளேதான். ரெண்டு வருஷமா உங்க கூடத்துச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, இப்ப நெத்திலியைத் தராசுல கொட்டுறதே ‘தைய்யா தை’ன்னுதான் கொட்டுறா.

மல்லிகா: அதான் எடை குறையுதா?

அந்தோணி: கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துல சேர்த்துருவோமான்னும் யோசிச்சேன். ராமநாதபுரத்துல இசைப்பள்ளி இருக்குல்ல.

மல்லிகா: மாவட்ட அரசு இசைப்பள்ளி. பரதநாட்டியம் மூணு வருஷப் படிப்பு. 12 வயசுல இருந்து 25 வரைக்கும்தான் எடுப்பாக. ஜவகர் சிறுவர் மன்றம்னா 5 வயசுல இருந்து 16.

அந்தோணி: அப்ப ஒண்ணுக்குப் பதினோரு வருஷம் லேட்டு, இன்னொண்ணுக்கு இருபது வருஷம் லேட்டு.

மல்லிகா: இங்க மேல்வயசுக் கணக்கே கிடையாது. புதன், சனி, சாயங்காலம் அஞ்சரையில இருந்து ஆறரை.

அந்தோணி: (முகம் மலர்ந்து) புதனும் சனியுமா? ரெண்டு நாளும் நான் கடலுக்குள்ள! இதைவிட நல்ல டைம்டேபிளை அந்தோணியாரே எழுதியிருக்க முடியாது. எவ்வளவு?

மல்லிகா: சேர்க்கைக்கு 200. மாசம் 400.

அந்தோணி: பெரிய ஆளுக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஒரே ரேட்டா? சேர்த்துப் போட்டு 450.

மல்லிகா: இதென்ன ஏலக் கூடமா? போன வாரம் சீலாக் கருவாட்டுல பத்து ரூபாய் குறைக்கச் சொன்னேன். ‘வாங்குனா வாங்கு, இல்லாட்டி காத்து வாங்கிட்டுப் போ’ன்னாக உங்க வீட்டுப் பிள்ளை.

(அந்தோணி சத்தம் காட்டாமல் ஆறு நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைக்கிறார். சங்கு இப்போது அதன் மேல் ஏறுகிறது.)

அந்தோணி: நாங்க வேதக்காரங்க. உள்ள சாமி கும்பிடுறது எதுவும் கட்டாயமா?

மல்லிகா: ஆரம்பத்துல தரையைத் தொட்டுக் கும்பிடுவாக. ஒரு மணி நேரம் அதை மிதிக்கப் போறோம்ல, அதுக்கு முன்கூட்டியே மன்னிப்பு.

அந்தோணி: பாவசங்கீர்த்தனம்! நாங்க செஞ்சிட்டுக் கேப்போம், நீங்க கேட்டுட்டுச் செய்றீக. அவ்வளவுதான் வித்தியாசம். சரி, திருவிழாவுக்கு மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள மேடையேத்திருவாகளா?

மல்லிகா: மூணு மாசத்துல தட்டடவு முடிஞ்சா பெருசு.

அந்தோணி: அதென்ன, ஒரு டான்ஸா?

மல்லிகா: நின்ன இடத்துல காலைத் தட்டுறது. முதல் வகை வலது ஒண்ணு, இடது ஒண்ணு. அடுத்தது ரெண்டு ரெண்டு. அதுக்கடுத்து மூணு மூணு. இப்படியே எட்டு வகை. அப்புறம் காலை நீட்டிக் குத்துற நாட்டடவு. இன்னும் குதிச்சு மெட்டு, தீர்மானம் அது இதுன்னு அடிப்படை அசைவான அடவு கட்டவே வருஷம் ஒண்ணு ஒண்ணரை ஓடிரும். அதுக்கு மேலதான் முதல் உருப்படி, அலாரிப்பு.

அந்தோணி: அலாரிப்புன்னா பாட்டு உண்டா?

மல்லிகா: அதுக்கும் வெறும் தாளச் சொல்லுதான்.

அந்தோணி: ஒண்ணரை வருஷம் ஆடி, பாட்டே வரலையா! எங்க ஓனர் பரவால்ல, ஆறு மாசத்துல ஏமாத்திட்டாரு.

மல்லிகா: அவுகளுக்கு முட்டி எப்படி? வலி கிலி?

அந்தோணி: முட்டியெல்லாம் கல்லு. நாக்குதான் கொஞ்சம் நீளம்.

மல்லிகா: கேக்குறதுக்குக் காரணம் இருக்கு. அரைமண்டி உக்காரணும். பாம்பன்ல பழைய பாலம் தெரியும்ல, 1914ல கட்டுனது? கப்பல் வந்தா அது எப்படித் திறந்துச்சு?

அந்தோணி: நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு, ஆளுக்கொரு பக்கம் சாஞ்சுச்சு.

மல்லிகா: புதுசு?

அந்தோணி: 2025ல திறந்ததா? அது அப்படியே படுக்கை வசத்துல 17 மீட்டர் நேரா ஏறி, நேரா இறங்கும்.

மல்லிகா: அரைமண்டியில முட்டி ரெண்டும் பழைய பாலம், உடம்பு புதுப் பாலம். முட்டி ரெண்டு பக்கமும் விரியணும். முதுகு வளையாம, பின்பக்கம் தள்ளாம, நேரா இறங்கணும். முக்காவாசிப் பேரு என்ன செய்வாக தெரியுமா? பாதத்தை மட்டும் அகலமாத் திருப்பி வச்சுக்கிட்டு முட்டியை முன்னால விட்டுருவாக. பாதம் ஒரு திசை, முட்டி ஒரு திசை. உள்பக்கம் முறுக்கிக்கிட்டு வலி பிடிச்சுரும். திருப்பம் இடுப்புல இருந்து வரணும். இடுப்பு எவ்வளவு விரியுதோ அவ்வளவுதான் பாதம். முட்டி சுண்டுவிரல் பக்கத்தைப் பார்த்துப் போனா தப்பில்லை.

அந்தோணி: 36 வயசுல விரியுமா?

மல்லிகா: சின்னப் பிள்ளைக அளவுக்கு இறங்காது. பாதி இறங்குனாலும் நேரா இறங்குனாப் போதும்னுதான் டீச்சர் சொல்வாக. முதுகைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. கூடை சுமந்த முதுகு, இரும்புக் கம்பி. கழுத்துதான் தகராறு பண்ணும்.

அந்தோணி: ஏன், கழுத்து நல்லாத்தானே இருக்கு?

மல்லிகா: அதான் தகராறு. தலை சாயாம கழுத்து மட்டும் இங்கிட்டும் அங்கிட்டும் நகரணும், சுந்தரின்னு பேரு. இருபது வருஷமா கூடை விழுந்துராம அசைக்காமப் பிடிச்ச கழுத்தைப் போய் இப்ப அசைன்னா கேக்குமா? கழுத்துல மொத்தம் 4 அசைவு. தலையில 9. கண்ணுல 8.

அந்தோணி: கண்ணுல எட்டுதானா? எங்க வீட்ல ஏற்கெனவே அதுக்கு மேல இருக்கு.

மல்லிகா: சாசின்னு ஒண்ணு. தலை திரும்பாம ஓரக்கண்ணால மட்டும் பார்க்கிறது.

அந்தோணி: பங்குப் பணத்துல இருநூறை மடிச்சு வச்சேன்னா அந்தப் பார்வைதான். அப்ப அவுக சாசி சாசின்னு பாஸாயிட்டாக. டீச்சர்கிட்ட சொல்லி அந்த ஒரு பாடத்தை மட்டும் நிறுத்திரச் சொல்லுங்க.

மல்லிகா: உடுப்பு சொல்லிடுறேன். பருத்திச் சேலை, பயிற்சிக்குன்னு சின்னதா விப்பாக, உள்ள பேன்ட். கரண்டைக்கு மேல நிக்கணும். முட்டி எங்கிட்டுப் போகுதுன்னு டீச்சர் கண்ணுக்குத் தெரியணும்ல. வழவழப்புச் சேலை வேணாம், கொசுவம் நிக்காது. கொலுசைக் கழட்டிரணும்.

அந்தோணி: மெட்டி?

மல்லிகா: கழட்டிட்டா நல்லது.

அந்தோணி: அவ மெட்டியைக் கழட்டுனா எங்க ஆத்தா என்னைக் கழட்டிரும்.

மல்லிகா: சரி, முகப்பு இல்லாத ஒல்லி மெட்டியா, விரலோட ஒட்டுனாப்ல மாத்திப் போடச் சொல்லுங்க. பூ வச்சது, மணி வச்சது வேணாம். பாதத்தைத் தட்டத் தட்ட அது பக்கத்து விரலை அறுக்கும். கால் நகம் வெட்டியிருக்கணும். சோறு தின்னு ரெண்டு மணி நேரமாவது ஆயிருக்கணும்.

அந்தோணி: இன்னொண்ணு. (மஞ்சப்பைக்குள் கைவிட்டு, ‘ஜல்’ என்று மேசைமேல் போடுகிறார்.) இன்ஜின் சாமான் வாங்க மதுரை போனப்ப வாங்குனது. அவளுக்குத் தெரியாது.

(மல்லிகா சலங்கையைக் கையிலெடுத்துப் பார்க்கிறாள். தோல் பட்டையில் வரிசையாகத் தைத்த பித்தளை மணிகள். நல்ல சாமான்தான், அதைச் சொல்ல மனசு வரவில்லை.)

மல்லிகா: இதை இப்பக் கட்ட முடியாதுண்ணே.

அந்தோணி: ஏன், சத்தம் வரலையா?

மல்லிகா: சத்தம் வர்றதுதான் கோளாறு. வெறும் பாதம் முழுசா ஒரே நேரத்துல தரையில விழுந்தா ‘தட்’னு ஒரே சத்தம் வரும். குதிகால் முந்திக்கிட்டா ‘தடக்’னு ரெண்டாக் கேக்கும். அப்படியே தட்டிக்கிட்டிருந்தா குதிகால் வலி வந்துரும். டீச்சர் அதைக் காதாலதான் பிடிப்பாக. சலங்கை கட்டுனா எல்லாம் ‘ஜல்’லுதான், எந்தத் தப்பும் வெளிய தெரியாது. அடவெல்லாம் சுத்தமானப்புறம் சலங்கை பூஜை போட்டுக் கட்டுவாக.

அந்தோணி: அதுவரைக்கும் மீன்பெட்டியில போட்டு வைக்கவா?

மல்லிகா: உப்புக் காத்துண்ணே! மணியெல்லாம் பச்சையாக் களிம்பு பூத்துரும். அதுக்காகப் புளி போட்டும் தேய்ச்சுராதீக. மணி மின்னும், தோலு ஊறி விறைச்சு, தையல் இத்துப் போகும். காஞ்ச துணியால துடைச்சு, பருத்தித் துணியில சுத்தி பீரோவுல வைங்க. பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளயே வேர்க்கும்.

அந்தோணி: பீரோ சாவி அவகிட்ட இருக்கு. சரி, பார்த்துக்கிறேன். அவ்வளவுதானே?

மல்லிகா: வீட்ல தினமும் அரை மணி நேரம் பழகணும்.

(அந்தோணி எழப்போனவர் உட்கார்ந்துவிடுகிறார்.)

அந்தோணி: தினமும்னா?

மல்லிகா: காலையில. வெயில் ஏறுறதுக்கு முந்தி.

அந்தோணி: ஞாயித்துக்கிழமை காலையிலயுமா? தங்கச்சி, சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையிலதான் கரை சேரும். ராத்திரி பூரா வலை இழுத்துட்டு வந்து படுக்கிறவன் தலைமாட்டுல ‘தைய்யா தை’யா? கடற்கரையில போய்த் தட்டட்டும்.

மல்லிகா: மணல்ல கூடாது. பாதம் புதையும், கரண்டை பிசகும், தட்டுற சத்தமும் கேக்காது. டைல்ஸும் வேணாம், வேர்வை சிந்துனா வழுக்கும். சிமெண்டுத் தரைதான் இருக்குன்னா, கொஞ்ச நேரம் போதும், ஓங்கித் தட்டக் கூடாது. முன்னங்கால் எலும்பு வலிக்கும்.

அந்தோணி: வலை பின்ற கொட்டகையில பழைய பலகை கிடக்கு. அதைப் போட்டுக் குடுத்துறேன். வீட்ல இருந்து தள்ளி இருக்கு. (நிம்மதியாக) ரொம்பத் தள்ளி.

மல்லிகா: போடுங்க, ஆணி துருத்தாம பார்த்துக்கங்க. தாளத்துக்கு ஒரு ஆளு வேணும். தட்டுக்கழிங்கிற குச்சியை மனைப் பலகையில தட்டணும். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலத்துல நீங்க சும்மாத்தானே இருப்பீக?

அந்தோணி: நானா? எப்படித் தட்டணும்?

மல்லிகா: சமமா. முதல் காலத்துல ஒரு தட்டுக்கு ஒரு காலடி. ரெண்டாங்காலத்துல ரெண்டு அடி. மூணாங்காலத்துல நாலு. ஆனா உங்க தட்டு மாறவே கூடாது. கால்தான் பெருகும்.

அந்தோணி: எனக்கு அதே சம்பளம், அவளுக்கு மட்டும் நாலு மடங்கா! (பேனாவால் மேசையைத் தட்டுகிறார்.) தைய்யா தை... தைய்யா தை... தைய்யாதை தைய்யாதை...

மல்லிகா: ஓடுதுண்ணே, தாளம் ஓடுது! யாராவது விரட்டுறாகளா?

அந்தோணி: நேவி போட்டைப் பார்த்த பழக்கம். சரி, கையில என்ன செய்வாக?

மல்லிகா: ஒத்தைக் கை முத்திரையே 28. ரெண்டு கையும் சேர்த்தா இன்னும் இருக்கு. உங்களுக்குத் தோதானதா ஒண்ணு. இடது கையைக் கவிழ்த்துங்க. அதுக்கு மேல வலது கையையும் கவிழ்த்துங்க. ரெண்டு கட்டை விரலையும் வெளிய நீட்டி ஆட்டுங்க.

அந்தோணி: மீனு!

மல்லிகா: மத்ஸ்யம்.

அந்தோணி: என்ன மீனு?

மல்லிகா: பொதுவா மீனுதான்.

அந்தோணி: பொதுவா மீனுன்னு ஒண்ணு கடல்லயே கிடையாது தங்கச்சி. செட்டை இப்படி ஆடுனா பாறை மீனு. திருக்கைன்னா மொத்தக் கையும் அலையா ஆடணும். இந்தா இப்படி.

மல்லிகா: டீச்சர்கிட்ட இதைச் சொல்லிராதீக, கணக்குல ஒண்ணு கூடிரும். விரலை எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கங்க. நல்லா இறுக்கி. அது கர்க்கடகம். நண்டு.

அந்தோணி: (கோத்த விரல்களை எண்ணிப் பார்த்து) கொடுக்கோட சேர்த்தா நண்டுக்குப் பத்துக் காலு. இங்கயும் பத்து விரலு! கணக்கு தெரிஞ்சவன்தான் வச்சிருக்கான்.

மல்லிகா: கையெழுத்துப் போடுங்க, நேரமாகுது. விண்ணப்பம் சின்னப் பிள்ளைகளுக்குன்னு அடிச்சது, ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’னு இருக்கும். பாதுகாவலர்ங்கிற இடத்துல போடுங்க.

அந்தோணி: அந்த வீட்ல பாதுகாவல் அவ. நான் சும்மா கூட இருக்கேன்.

மல்லிகா: அப்ப ‘கூட இருப்பவர்’னு எழுதிடுறேன். போடுங்க.

அந்தோணி: இருங்க தங்கச்சி. நண்டு அவுக்க வரலை.