ஒரு காலில் மட்டும் காலுறை

போன வாரம் ஒரு நாள் காலை 5.40 மணி இருக்கும். மகள் அறையில் விளக்கு எரிகிறது, சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தேன். சீருடை போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலில் காலுறை ஏறிவிட்டது, இன்னொன்று கையில். அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள். சிங்கப்பூரில் உயர்நிலை 3, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படிக்கும் பிள்ளை. வெளியே கும்மிருட்டு. மேசையில் மைலோ பானம் ஆறி ஏடு கட்டிக் கிடந்தது.

எழுப்ப மனசே வரவில்லை. ஆனாலும் எழுப்பினேன். 6.20 ரயிலை விட்டால் 7.30 மணிக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர முடியாது. பள்ளி இவ்வளவு சீக்கிரம் தொடங்கத்தான் வேண்டுமா?

இரண்டு நாள் கழித்துப் பெற்றோர் சந்திப்பு. "காலையில முதல் ரெண்டு பாடவேளையும் கண்ணு சொருகுதும்மா. ராத்திரி ரொம்ப நேரம் கைப்பேசி பாக்குறாளா?" என்று அவளுடைய தமிழாசிரியை கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து நானும் அதையே கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே. "நான் சோம்பேறி இல்லம்மா" என்று அழுதுவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன்.

பிள்ளை சொன்னது சரிதான். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு நம்மைத் தயார்படுத்தும் மெலட்டோனின் என்ற சுரப்பு, சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட இந்த வயதில் ராத்திரி இன்னும் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குப் படு என்று விரட்டினாலும் கண் மூடாது. ஆனால் 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பதினொன்றுக்குத் தூங்கி ஐந்தேகாலுக்கு எழுகிற பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர்க் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. நாடு இருக்கும் இடத்தைப் பார்த்தால், சூரியனைவிட நம் கடிகாரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால்தான் இங்கே ஏழு மணியை ஒட்டி விடிகிறது, ஒரு மணிக்குத்தான் உச்சி வெயில். கடிகாரம் 7.30 என்று காட்டும்போது சூரியக் கணக்கில் ஆறரைகூட ஆகியிருக்காது. நம் பிள்ளைகள் நடுச்சாமத்தில் எழுந்து கிளம்புகிற மாதிரிதான் இது.

"விடியக்காலம் எந்திரிச்சுப் படிச்சாத்தான் மனசுல நிக்கும்" என்பது என் மாமியாரின் கட்சி. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். "அத்தை, உங்க ஊர்ல ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "எட்டு மணிக்கெல்லாம் விளக்கை அணைச்சிடுவோம்" என்றார். அதற்கப்புறம் அவர் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதை எங்கோ அமெரிக்காவில் நடந்த ஆய்வை வைத்துக்கொண்டு நான் சொல்லவில்லை. இங்கேயே செய்து பார்த்திருக்கிறார்கள். டியூக் என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 15 முதல் 19 வயது வரையான 56 பேரை ஒரு விடுதியில் தங்கவைத்து, ஒரு பிரிவினருக்கு ஏழு இரவுகள் தூங்க ஐந்து மணி நேரம் மட்டும் கொடுத்தார்கள். நாளுக்கு நாள் கவனம் குறைந்தது, நினைவாற்றல் தடுமாறியது, உற்சாகம் வடிந்தது. பிறகு இரண்டு இரவு ஒன்பது மணி நேரம் தூங்கவிட்டார்கள். அப்படியும் கவனம் பழைய நிலைக்கு வரவில்லை. "சனி ஞாயிறு தூங்கி ஈடுகட்டிக்குவா" என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

2016இல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. அங்கே 375 மாணவிகளை ஆராய்ந்தார்கள். ஒரு மாதம் கழித்து, பள்ளி நாள் இரவுகளில் அவர்கள் படுக்கையில் இருந்த நேரம் சராசரியாக 23 நிமிடம் கூடியிருந்தது. படுக்கப் போகும் நேரம் தள்ளிப்போனது வெறும் 9 நிமிடம். 'நேரம் கொடுத்தால் கூடக் கொஞ்சம் கைப்பேசி பார்ப்பார்கள்' என்று சொல்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒன்பது மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது, பகல் தூக்கக்கலக்கம் குறைந்தது, மனநலமும் மேம்பட்டிருந்தது. தூக்கம் அதிகம் கூடியவர்களிடம் முன்னேற்றமும் அதிகம்.

தொடக்கநிலை 1, 2இல் தேர்வுகளையே நீக்கினார்கள். அரையாண்டுத் தேர்வையும் நீக்கினார்கள். பிள்ளைகளின் மனநலத்துக்காக இவ்வளவு செய்யும் நாட்டில் இந்த முக்கால் மணி நேரம் மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது? நேரத்தைத் தள்ளி வைக்கப் பள்ளிகளுக்கு உரிமை இருக்கிறது. வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை விட்டுப்போகும் பெற்றோர், பேருந்து ஏற்பாடு, விளையாட்டு, கலை போன்ற இணைப்பாட நடவடிக்கை முடிந்து வீடு திரும்ப ஆகும் நேரம் என்று தடைகளை அடுக்குவார்கள். எல்லாம் உண்மையான தடைகள்தான். ஆனால் அவை பெரியவர்கள் நாம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. அதுவரைக்கும் பிள்ளையின் தூக்கத்தை அறுத்து அந்த இடைவெளியை நிரப்புவது பெரிய அநியாயம்.

சரி, நம் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு முடியும் துணைப்பாட வகுப்பில் அவளைச் சேர்த்தது பள்ளியில்லை, நான்தான். அதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமைக் காலை பத்தரை வகுப்புக்கு மாற்றியாயிற்று. சண்டை போட்டுக் கைப்பேசியைப் பிடுங்குவதற்குப் பதிலாக, பத்து மணிக்கு வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும், என்னுடையதும் சேர்த்து, கூடத்து அலமாரிக்குப் போகிறது.

அடுத்த மாதம் பெற்றோர் ஆதரவுக் குழுக் கூட்டத்தில் தொடங்கும் நேரத்தைப் பற்றிக் கேட்கப்போகிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளி ஏற்கெனவே எட்டு மணிக்கோ அதற்குப் பிறகோ தொடங்குகிறது என்றால் தயவுசெய்து கீழே சொல்லுங்கள். காலையில் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுகிறீர்கள், பேருந்துக்கு என்ன செய்தீர்கள், சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள்? கூட்டத்துக்கு வெறுங்கையோடு போக எனக்கு விருப்பமில்லை.