நெதர்லாந்து முதியோர் இல்லம் ஃபார்வர்ட்: பாதி தான் நிஜம்

கும்பகோணத்துல எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு நாளா ஒரு மெசேஜ் சுத்துது. நெதர்லாந்துல சட்டமே போட்டுட்டாங்களாம், எல்லா முதியோர் இல்லத்துலயும் காலேஜ் பசங்களுக்கு வாடகை ஃப்ரீயாம், பதிலுக்கு பெரியவங்கள குளிப்பாட்டி மருந்து குடுக்கணுமாம்.

வாடகை ஃப்ரீங்கறது மட்டும் உண்மை, மத்ததெல்லாம் யாரோ சேர்த்த மசாலா. இது சட்டம் இல்லீங்க, டெவென்டர்னு ஒரு ஊர்ல ஹுமானிடாஸ்ங்கற இல்லம் 2012 வாக்குல தானா ஆரம்பிச்ச ஏற்பாடு. அங்க சுமார் 160 பெரியவங்க, கூட ஆறே ஆறு ஸ்டூடன்ட்ஸ். மாசம் 30 மணி நேரம் நல்ல பக்கத்து வீட்டுக்காரனா இருக்கணும், அவ்ளோதான் கண்டிஷன். சேர்ந்து சாப்பிடறது, டிவில மேட்ச் பாக்கறது, இமெயில் அனுப்ப சொல்லித் தர்றது, உடம்பு முடியலன்னா பக்கத்துல உக்காந்து பேசறது. குளிப்பாட்டறது, மருந்து குடுக்கறதெல்லாம் அதுக்குன்னு இருக்கற ஸ்டாஃப் வேலை, பசங்க தலைல கட்டல.

எங்க எதிர்வீட்டு தாத்தா மாடி போர்ஷன்ல மூணு காலேஜ் பசங்க, வாடகை கரெக்டா வாங்கிடுவாரு (அதுல விடமாட்டாரு), ஆனா சாயங்காலம் ஆனா திண்ணைல அவனுங்க தான் அவருக்கு போன்ல பேத்தியோட வீடியோ கால் போட்டுத் தர்றது, இவர் பதிலுக்கு அந்தக் கால காவிரி வெள்ளக் கதைய நாலாவது தடவையா சொல்லுவாரு. டெவென்டர்ல நடக்கறதும் கிட்டத்தட்ட இதான், ஆனா அங்க வாடகை கிடையாது.

அந்த ஃபார்வர்ட அனுப்பின மாமாவுக்கு இதை அனுப்பிட்டேன், ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில் வரல.