அஞ்சு மணிக்கு எழுந்தா அடுப்புதான் கூப்பிடும்

காலை அஞ்சு மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறிவிடுமாம், ரீல்ஸில் விடாமல் சொல்கிறார்கள். எங்கள் கும்பகோணம் பக்கம் அஞ்சு மணிக்கு எழுகிற பெண்களுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் எழுகிறவள் தலையில்தான் வாசல் தெளிப்பதும் பால் காய்ச்சுவதும் விழும். 'அந்த ஒரு மணி நேரம் உனக்கே உனக்கு' என்கிற ஆசாமி வீட்டில் டிகாக்ஷன் யார் போடுகிறார்களோ!

நான் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவள். மாதாமாதம் 11-க்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் வரி கட்டும் 3பி, ரெண்டையும் தாக்கல் செய்யணும். 19-ஆம் தேதி ராத்திரி மஞ்சப்பை நிறைய பில்லோடு வந்து நிற்கிற மளிகைக்கடைக்காரரிடம், "அண்ணே, என் நேரம் முடிஞ்சிடுச்சு" என்று சொல்ல முடியுமா? 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமடோரோ முறை பில்களை டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றும் அலுப்பான வேலைக்கு அருமை. இடிக்கிற தொகையைத் தேடும்போது மணி அடித்தாலோ, மறுபடி முதலிலிருந்து.

தினமும் ஒரே அளவு வேலை என்பது மாதச் சம்பளக்காரர் கணக்கு. என் மாமனார் நடவு சமயத்தில் விடியுமுன் வயலில் நிற்பார். கோடையில் திண்ணையை விட்டு இறங்க மாட்டார். அவரை யாரும் சோம்பேறி என்றதில்லை. பாசனத்துக்கு மேட்டூர் அணை திறப்பு ஜூன் 12 என்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. போர்வெல் இல்லாதவர் குறுவை நெல்லை விட்டு அடுத்த பட்டமான சம்பாவைப் பார்க்க வேண்டியதுதான். 'ஒருநாள்கூட விட்டுவிடாதே' என்பதெல்லாம் இங்கே எடுபடாது. விட்டுப்போனால் அடுத்து என்ன என்று முன்கூட்டியே யோசித்து வைப்பதைத்தான் நான் ஒழுங்கு என்பேன்.

எனக்கு ஒத்துவந்தது, தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். மறுநாள் வேலையைப் படுக்குமுன் அதில் எழுதிவிடுவேன். உள்ளங்கை அகலம்தான், நாலு வரிக்கு மேல் இடமில்லை. (பின்பக்கம் வைத்தியக் குறிப்பு அச்சடித்த காலண்டர் உதவாது. வெறும் தாளாகப் பார்த்துக் கேட்டு வாங்கணும்.) முடியாதது அடுத்த தாளுக்குப் போகும். மூன்றாவது தாளிலும் அதே வேலை நின்றால், ஒன்று வேறு யாரிடமாவது கொடுப்பேன், இல்லை கோடு போட்டு அடித்துவிடுவேன்.

மூளையைக் கசக்குகிற வேலைக்கு மதியம் ரெண்டு முதல் நாலு. வீடே கண்ணயர்ந்திருக்கும், போனும் அவ்வளவாக அடிக்காது.

21-ஆம் தேதிக்கு மட்டும் தாள் கிடையாது. அன்றைக்கு யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். என்னிடம் கணக்கு கொடுக்கிற அண்ணன்மார் யாராவது இதைப் படித்தால், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.