குழந்தைக்கான அளவை எந்தக் கம்பெனியும் செய்யாது, அதைத்தான் அச்சிட வேண்டும்

"இனி வீட்டிலேயே மாத்திரை அச்சடித்துக்கொள்ளலாம், மருந்துக் கடையே தேவைப்படாது" என்கிற மாதிரி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. நான் மருந்தாளுநர் என்பதால் எனக்கும் அனுப்பி "நிஜமா?" என்று கேட்கிறார்கள். 3டி பிரிண்டரில், அதாவது படலம் படலமாக அடுக்கிப் பொருளை உருவாக்கும் இயந்திரத்தில், மருந்து அச்சிடுவது நிஜம். வீட்டில் என்பது இல்லை, வரவும் கூடாது. ஆனால் அந்தப் பரபரப்பில் இது யாருக்கு உண்மையிலேயே வேண்டும் என்ற பேச்சே காணாமல் போய்விடுகிறது. குழந்தைகளுக்குத்தான் வேண்டும். அதிலும், தங்கள் எடைக்கு ஏற்ற மாத்திரை சந்தையிலேயே இல்லாத குழந்தைகளுக்கு.

பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பியில் கோளாறு உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் சிஏஎச் என்பார்கள். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோனை வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். வளரும் குழந்தைக்குப் பொதுவாக உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மி.கி. கைக்குழந்தையின் உடல் பரப்பு கால் சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.கி. வருகிறது. அதை மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 1 மி.கி. கடையில் கிடைப்பதோ 5, 10, 20 மி.கி. மாத்திரைகள்.

அப்புறம் என்ன செய்வது? 10 மி.கி. மாத்திரையை நுணுக்கி 10 மி.லி. தண்ணீரில் கலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மி.லி. இழுத்து வாயில் விடுவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஹைட்ரோகார்டிசோன் தண்ணீரில் லேசில் கரையாது. டம்ளரை ஒரு நிமிடம் வைத்தால் வெள்ளைத் தூள் அடியில் படிந்துவிடும். குலுக்கிய உடனே இழுத்தால் ஓர் அளவு. குழந்தை வீறிட்டு அழுகிறதே என்று திரும்பிப் பார்த்துவிட்டு வந்து இழுத்தால் வேறோர் அளவு. தொடர்ந்து கூடினால் குழந்தையின் வளர்ச்சி குன்றும். குறைந்தால், ஒரு சாதாரணக் காய்ச்சலிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

"நல்லாக் கலக்கிட்டு உடனே இழுத்துடுங்கம்மா" என்று கவுண்டரில் நின்று சொல்லிக்கொடுப்பவள் நான்தான். அந்த அம்மா தலையாட்டுவார். இடுப்பில் குழந்தை, கையில் சிரிஞ்சு, அதில் கோடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும். மருந்துத் தொழிற்சாலை செய்ய வேண்டிய நுணுக்கமான வேலையை ஒரு தாயின் தலையில் கட்டிவிட்டு, அளவு தவறினால் "சரியாகக் கொடுக்கவில்லையா?" என்று அவரையே கேட்கிறோம். இது நியாயமே இல்லை.

தொழிற்சாலையால் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. குழந்தைகளுக்கென்றே 0.5 மி.கி.யில் தொடங்கும் ஹைட்ரோகார்டிசோன் குருணை மருந்துக்கு ஐரோப்பாவில் 2018-லும் அமெரிக்காவில் 2020-லும் அனுமதி கிடைத்தது. நான் வேலை பார்த்த எந்த மருந்தகத்திலும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு மருந்துக்கு, சில குழந்தைகளுக்காக மட்டும் புது அளவு தயாரித்தால் கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகாது.

இங்கேதான் பிரிண்டர் வருகிறது. முதன்முதலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்த 3டி அச்சு மாத்திரை ஸ்பிரிட்டம், வருடம் 2015. வலிப்பு நோய்க்கான லெவெடிராசிட்டம் மருந்து அது. மெல்லிய தூள் படலம் ஒன்றைப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் திரவத் துளிகளை விட்டு ஒட்டவைத்து, அதன்மேல் அடுத்த படலம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். மற்ற மாத்திரைகளைப் போல அழுத்தி இறுக்குவதில்லை என்பதால் உள்ளே நுண்துளைகள் நிறைய. 1000 மி.கி. மருந்து இருந்தாலும் ஒரு வாய்த் தண்ணீரில் சில நொடிகளில் உதிர்ந்துவிடும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அருமையான விஷயம். ஆனால் அதுவும் ஒரு தொழிற்சாலையில் 250, 500, 750, 1000 என்று நிலையான அளவுகளில் அச்சிடப்பட்டதுதான். தனி ஆளுக்குத் தனி அளவு என்ற முக்கியமான பயன் அதில் வரவில்லை.

அந்தப் பயனைக் காட்டியது ஸ்பெயினில் சாண்டியாகோ தே கொம்போஸ்தெலா நகரத்து மருத்துவமனை. மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று ஓர் அரிய பிறவிக் குறைபாடு உண்டு. புரதத்தில் இருக்கும் மூன்று அமினோ அமிலங்களை உடம்பால் உடைக்க முடியாது. அதற்காகச் சாப்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் அவற்றில் ஒன்றான ஐசோலியூசின் ரத்தத்தில் அளவுக்கு மீறிக் குறைந்துவிடும், அதை மருந்தாகக் கொடுக்க வேண்டிவரும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே மருத்துவமனை மருந்தகத்திலேயே ஒரு பிரிண்டரை வைத்து, மென்று தின்னும் மாத்திரைகளாக, குழந்தைக்குக் குழந்தை அளவு மாற்றி, வேறு வேறு சுவையிலும் நிறத்திலும் அச்சிட்டார்கள். ஆய்வு 2019-ல் வெளியானது. வழக்கமான கேப்சூலைவிட ரத்தத்தில் அளவு இலக்குக்கு நெருக்கமாக நின்றது. நான்கே குழந்தைகளிடம் நடந்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் எனக்கு இந்தத் துறையில் ஆகப் பெரிய செய்தி அதுதான்.

அதில் பங்கெடுத்த லண்டன் ஃபேப்ஆர்எக்ஸ் நிறுவனம் 2020-ல் மருந்தகங்களுக்கென்றே ஒரு பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்து கலந்த பசையை, மருதாணிக் கோனிலிருந்து பிழிகிற மாதிரி, சிரிஞ்சிலிருந்து பிழிந்து மாத்திரையாக்கும் வழியும் அதில் உண்டு. 1 மி.கி.க்குப் பதில் 1.2 வேண்டுமா? திரையில் எண்ணை மாற்றினால் போதும்.

பாரசிட்டமாலை இப்படி அச்சிடுவது வீண் வேலை. தொழிற்சாலை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் லட்சக்கணக்கில் தட்டித் தள்ளும், பிரிண்டர் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஐந்து இதய மருந்துகளை ஒரே மாத்திரையில் அச்சிட்டுக் காட்டினார்கள், பாராட்டலாம். ஆனால் டாக்டர் அதில் ஒன்றை நிறுத்தச் சொன்னால் மீதி மாத்திரைகள் எல்லாம் குப்பைக்கு. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை.

பயப்பட வேண்டிய விஷயம் தரம். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. தொழிற்சாலைகளையே ஒழுங்காகக் கண்காணிக்க முடியாத ஊரில் மருத்துவமனைக்கு ஒரு பிரிண்டரா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வராது. கேட்க வேண்டிய கேள்விதான். தொழிற்சாலையில் ஒரு தொகுதியிலிருந்து சில மாத்திரைகளை எடுத்துக் கரைத்துச் சோதிப்பார்கள். ஒரு குழந்தைக்காக முப்பது மாத்திரை அச்சிட்டால் எதைக் கரைப்பது?

இதற்கு வழி இருக்கிறது. மருந்துப் பசையை மருத்துவமனையில் கலக்கக் கூடாது. உரிமம் பெற்ற தொழிற்சாலையில் தயாரித்து, சோதித்து, மூடி முத்திரையிட்டு வர வேண்டும். மருந்தகம் பிழிவதோடு சரி. அச்சான ஒவ்வொரு மாத்திரையையும் எடை போடலாம், உடைக்காமலே அகச்சிவப்பு ஒளியால் உள்ளே இருக்கும் மருந்தை அளக்கலாம். பிரிட்டனில் நோயாளி இருக்கும் இடத்திலேயே மருந்து தயாரிப்பதற்கான தனி விதிகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டன. பல இடங்களில் தயாரித்தாலும் உரிமம் பெற்ற ஒரு மையம்தான் எல்லாவற்றையும் கண்காணித்துப் பொறுப்பேற்க வேண்டும். நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். இன்று ஒரு டம்ளரும் சிரிஞ்சுமாக வீட்டில் நடப்பதை யாரும் சோதிப்பதே இல்லை என்பதையும் எதிர்ப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. மிட்டாய் போலத் தோன்றும் மாத்திரையை எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி பாப்பா எடுத்துத் தின்றுவிடுவான். சுவை இருக்கட்டும், பொம்மை வடிவம் வேண்டாம்.

எங்கே தொடங்கலாம் என்றால், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிரிண்டரையும் பசையையும் டெண்டர் விட்டு வாங்கட்டும். முதலில் ஒரே மருந்து, ஹைட்ரோகார்டிசோன் மட்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பெற்றோர் சம்மதத்தோடு, இப்போது தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனையையும் வளர்ச்சியையும், அச்சு மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முடிவு எப்படி வந்தாலும் அதை அப்படியே வெளியிடட்டும். குழந்தை மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் இந்தப் பதிவைப் பார்த்தால், உங்கள் மருத்துவமனையில் எந்தெந்த மருந்தை இப்படி உடைத்தும் கலக்கியும் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு சுகாதாரத் துறைக்கு மனு கொடுக்க நான் தயார்.