செயலி பேசும் தமிழுக்கு யார் பொறுப்பு?

கோலாலம்பூரில் வெளிவரும் சில வணிகச் செயலிகளின் மொழிப் பட்டியலில் இப்போது மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் இடம்பெறுவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. அந்தத் தமிழைப் பெரும்பாலும் அந்த நிறுவனங்கள் உருவாக்குவதில்லை. கூகுள், மைக்ரோசாப்ட் போன்றவற்றின் மொழிபெயர்ப்புச் சேவையையும் பேச்சுச் சேவையையும் விலைக்கு வாங்கித் தம் செயலியில் இணைக்கின்றன. இந்தத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில், வாங்குவதில் தவறே இல்லை என்பேன். ஆனால் சேவையை வாங்கியதோடு பொறுப்பும் கைமாறிவிட்டது என்று நடந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு சிறு நிறுவனம் ஆயிரக்கணக்கான மணி நேரத் தமிழ்ப் பேச்சைத் திரட்டித் தானே ஒரு பேச்சறிதல் முறையை, அதாவது பேச்சை எழுத்தாக மாற்றும் முறையை, உருவாக்குவது நடக்கிற காரியமில்லை. நமக்கென்றே செய்யப்பட்டவையும் சந்தையில் இருக்கின்றன. மைக்ரோசாப்டின் பேச்சுச் சேவையில் மலேசியத் தமிழுக்கென்று 'கனி', 'சூர்யா' என இரண்டு குரல்கள் உள்ளன. கூகுளின் பேச்சறிதல் சேவையும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தமிழை நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. இவ்வளவு இருந்தும், பட்டியலில் முதலில் கண்ணில் படும் இந்தியத் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிரலாளர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரிடம் அதைக் கேட்கக் கொடுக்காததுதான் குறை.

ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் முன்பதிவுச் செயலியைச் சோதிக்க என்னை அழைத்திருந்தபோது, நிலையத்தின் தொலைபேசி எண்ணை அந்தக் குரல் ஒரே மூச்சில் கோடி, லட்சம், ஆயிரம் என்று வாசித்தது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "என்னா தம்பி, நம்பரு கேட்டா கோடிக் கணக்குல சொல்லுது?" என்றார். எண்ணை இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்ல ஒரு சிறு குறியீடு போதும். பேச்சுச் சேவைகள் அதற்கு வசதி வைத்தே இருக்கின்றன. யாரும் அதை எழுதவில்லை. பிறகு அதே அம்மா ஒலிவாங்கியில், "ஐசி வூட்ல இருக்கு, சூராட் மட்டும் கொண்டாந்திருக்கேன்" என்றார். 'ஐசி' என்றால் அடையாள அட்டை, 'சூராட்' என்றால் மலாயில் கடிதம். நம் ஊரில் மூன்று மொழிச் சொற்கள் ஒரே வாக்கியத்தில் வருவது இயல்பு. திரையில் விழுந்த வாக்கியத்திலோ தலையும் இல்லை, வாலும் இல்லை. இந்தியத் தமிழுக்கென்று அமைக்கப்பட்ட ஒரு சேவையிடம் 'சூராட்' என்ற சொல்லை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனால் அந்தச் சேவையை நம் மக்கள் முன் கொண்டுவந்து வைத்தவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் கவலை தருகிறது. கூகுளின் இலவச மொழிபெயர்ப்புப் பக்கத்தைப் பின்வாசல் வழியாக அழைக்கும் அதிகாரபூர்வமற்ற நிரல் தொகுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாணவர் ஒருவர் பயிற்சிக்காக அவற்றை எடுத்துப் பார்ப்பது வேறு. காசு வாங்கி விற்கும் செயலியை அவற்றின் மேல் கட்டுவது முறையும் அன்று, நிலைக்கவும் நிலைக்காது. ஒப்பந்தம் செய்யாதவருக்கு, நாளை அந்த வழி அடைபட்டால் முறையிடக்கூட இடமில்லை. முறையான வழியே ஒருமுறை ஆட்டம் கண்டது. 2011ஆம் ஆண்டு மே மாதம் கூகுள் தன் மொழிபெயர்ப்பு இடைமுகத்தை, அதாவது பிற செயலிகள் அதன் மொழிபெயர்ப்பை அழைத்துப் பயன்படுத்தும் வழியை, மூடப்போவதாக அறிவித்து, மிகையான முறைகேட்டால் பொருளாதாரச் சுமை ஏற்பட்டதைக் காரணமாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே கட்டணச் சேவையாக அதைத் தொடர்ந்தது. அதன் விலை ஒரு மில்லியன் எழுத்துக்குறிகளுக்கு 20 அமெரிக்க டாலர். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், நாம் நான்கு எழுத்தாகப் பார்க்கும் 'மருந்து' அங்கே ஏழாகக் கணக்கிடப்படும். அப்படியும், ஒரு மருத்துவ நிலையத்துக்கு வரும் குறுஞ்செய்திகளை மொழிபெயர்க்க ஆகும் செலவு பெரிதன்று.

மொழிபெயர்க்கவும் பேச்சை எழுத்தாக்கவும் பயிற்றுவிக்கப்பட்ட, இலவசமாகத் தரவிறக்கிக் கொள்ளக்கூடிய கணினி மாதிரிகளும் இருக்கின்றன. அவற்றின் உரிமத்தைப் படிக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட இருநூறு மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாதிரியில் தமிழ் உண்டு, ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. ஓப்பன்ஏஐயின் பேச்சறிதல் மாதிரியான விஸ்பருக்கும், ஐஐடி மெட்ராஸைச் சார்ந்த ஏஐ4பாரத்தின் மொழிபெயர்ப்பு மாதிரியான இண்டிக்ட்ரான்ஸ்2க்கும் அதிகக் கட்டுப்பாடில்லாத எம்ஐடி உரிமம் என்பதால் அவற்றை வணிகத்தில் பயன்படுத்தலாம். சொந்தக் கணினியிலேயே இயக்கினால், நோயாளியின் குரல் வெளியே போகவும் வேண்டியதில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இந்தக் குரல் விஷயந்தான். கூகுள் பேச்சறிதல் சேவையின் முதல் பதிப்புக்கான விலைப்பட்டியலில், பேசுபவரின் ஒலியைப் பதிந்து வைத்துக்கொள்ள வாடிக்கை நிறுவனம் சம்மதித்தால் நிமிடத்துக்கு 0.016 டாலர் என்றும், சம்மதிக்காவிட்டால் 0.024 டாலர் என்றும் இருவகை விலை உண்டு. சம்மதம் தருவது செயலியை விற்பவர்; மூட்டு வலியையும் சர்க்கரை அளவையும் சொல்லிக்கொண்டிருக்கும் குரலோ நம் வீட்டுப் பெரியவருடையது. அவருக்கு இது தெரியவே தெரியாது.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நலத் தகவலை உணர்திறன் மிக்க தரவாகக் கருதி, அதற்கு வெளிப்படையான ஒப்புதலைக் கோருகிறது. தரவு எந்த வகையான மூன்றாம் தரப்பினரிடம் போகிறது என்று அறிவிக்கவும் சொல்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாப்புக் கடமை தரவைச் செயலாக்கித் தருபவரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. அபராதத்தின் உச்சவரம்பு 300,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு மில்லியனாக உயர்ந்திருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பை தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழில் பேசலாம் என்று அழைக்கும் செயலி, அந்தப் பேச்சு எங்கே போகிறது என்பதைத் தமிழில் சொல்லத் தேவையில்லை என்பதே இதன் பொருள். தமிழில் மட்டுமே வசதியாகப் படிக்கக்கூடியவரிடம் இப்படிப் பெறப்படும் ஒப்புதலை நான் ஒப்புதலாகவே மதிக்க மாட்டேன்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒலிவாங்கிப் பொத்தானுக்கு மேலே, "நீங்கள் பேசுவது எழுத்தாக மாற்றப்படுவதற்காக வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறது, விரும்பாவிட்டால் தட்டச்சு செய்யலாம், அல்லது எங்களை அழைக்கலாம்" என்று தமிழில் எழுத எந்தச் செலவும் இல்லை. வெளியிடுவதற்கு முன் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ வாழும் நான்கைந்து பெரியவர்களை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, அவர்கள் வழக்கமாகப் பேசுவதுபோல் பேசவைத்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். இனி என்னிடம் சோதனைக்கு வரும் செயலிகளில் இந்த இரண்டும் இல்லையென்றால், தமிழைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று எழுத்துமூலம் பரிந்துரைக்கப் போகிறேன். இதே வேலையில் இருக்கும் நண்பர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.